வெறும் ஓட்டம்

காயில்காரியின் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. கட்டி முடித்த மோட்டாரை முதலில் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். பம்போடு மாட்டுவது, பெல்ட் போடுவது, பாரம் ஏற்றுவது எல்லாம் அப்புறம். வெறும் ஓட்டத்தில் பத்து நிமிடம் சூடேறாமல் சுற்றினால்தான் அந்த மோட்டார் வாசலைத் தாண்டும். பிறந்த வீட்டில் பழகிய தொழிலைப் புகுந்த வீட்டின் முன்னறையில் ஒன்பது வருடமாக நடத்துகிறாள். எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் காயில் என்கிற பழைய சுருளைப் பிரித்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி கட்டிவிடுவாள். கட்டிக் கொடுத்தது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவாள்.

அதே வீட்டில் அவளுக்கு நேர் எதிராக ஒரு நாத்தனார். கணவனின் தங்கை, வயது முப்பத்தொன்று, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவள் மாதிரி இருப்பாள். சின்ன வயதில் யாரோ ஊமைக்கோட்டான் என்று வைத்த பெயர் சுருங்கிக் கோட்டான் ஆகி அப்படியே நிலைத்துவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியாது. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

கோட்டானிடம் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. நான்கே கம்பி, நான்கும் தடி. வேலை முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்பது விரல் கம்பியில் படுகிற டொக் டொக் மட்டும். இந்தப் பெண் உள்ளே என்னதான் செய்கிறாள் என்று காயில்காரிக்கு ஒன்பது வருடமாக மண்டை குடைந்தது. ஒருநாள் கதவைத் தட்டி, "எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டேன்" என்று கேட்டே விட்டாள். "சும்மாதான் அண்ணி" என்று சொல்லி கிட்டாரைப் பையில் போட்டு மூடினாள் கோட்டான். அதற்கப்புறம் கேட்கக் கூச்சமாகிவிட்டது.

அந்தக் கோட்டான் ஒரு புதன்கிழமை மாலை கடைக்குள் வந்து நின்று, "அண்ணி, ஒண்ணு வந்திருக்கு. பாக்குறீங்களா?" என்றாள். அவள் கணக்குக்கு அது பெரிய சொற்பொழிவு.

வந்தது ஒரு இரும்புப் பெட்டி. ஆட்டோக்காரரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க மேசைமேல் ஏற்றினார்கள். பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர், அதுவும் வால்வு வைத்த பழைய வகை. ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்களாம். அங்கே இருந்தவர், ஓடினால் வைத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறார். இதற்கான ஸ்பீக்கர் பெட்டி பீரோ உயரம் என்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக ஒத்திகைக் கூடத்துக்கே அனுப்பிவிட்டார்களாம். இவ்வளவையும் கோட்டானின் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் காயில்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்ன ஒத்திகை? எதுக்கு?"

"ஒரு குழு இருக்கு அண்ணி. நாலு பேர். பேஸ் வாசிச்சவர் வெளியூர் போயிட்டார். சனிக்கிழமை ரெண்டு பேரைக் கேட்டுப் பாக்குறாங்க. நாலு மணிக்கு நான். அஞ்சு மணிக்கு இன்னொருத்தர். ஒருத்தரைத்தான் எடுப்பாங்க."

"அதுக்கு இது வேணுமா?"

"அவங்க டிரம்ஸ்ல அடிச்சா சின்னப் பெட்டியெல்லாம் கேக்கவே கேக்காது. சொந்தமா ஆம்ப் கொண்டு வரணும்."

"சனிக்கிழமை இது பாடலைன்னா?"

"அஞ்சு மணிக்காரர்தான்" என்று கோட்டான் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "ரெண்டு வருஷமா யாரும் போடலையாம். பாத்து வைங்க அண்ணி. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

உங்களுக்குத் தெரியாததா! இந்த ஒரு வார்த்தைக்கு மயங்காத தொழிலாளி பிறக்கவில்லை. எத்தனையோ நல்ல சாமான்கள் அதைக் கேட்ட மயக்கத்திலேயே பாழாகியிருக்கின்றன. காயில்காரி பெருமையோடு தலையாட்டினாள்.

மறுநாள் காலை, கணவன் பஸ்ஸுக்கும் நாத்தனார் கண்ணாடிக் கடைக்கும் போன பிறகு, அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே நான்கு பெரிய கண்ணாடிக் குப்பிகள், கட்டைவிரல் அளவில் மூன்று குப்பிகள், இரண்டு பெரிய டிரான்ஸ்ஃபார்மர். வால்வு என்கிற இந்தக் குப்பியை அதுவரை அவள் கையில் தொட்டதில்லை. ஒன்றைத் துணியால் பிடித்து உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடிக்குள் தகடு, தகட்டுக்குள் வலை, வலைக்குள் ஊசி மாதிரி ஒரு குழாய். இதைக் கையால் செய்தார்களா, மெஷின் செய்ததா, காற்றை எப்படி உறிஞ்சி எடுத்தார்கள் என்று கால் மணி நேரம் அதிலேயே போனது. கம்பிக்குள் ஓடுகிற கரண்டைத்தான் அவளுக்குத் தெரியும். ஒன்றுமே இல்லாத இடத்தைத் தாண்டிக் கரண்டு குதிக்கும் என்பது புதுச் செய்தியாக இருந்தது.

அசட்டுத்தனமாக அவள் எதையும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூடி திறந்த எந்தப் பெட்டியையும் செத்த பாம்பாக நினைக்க மாட்டாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் கரண்டு தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி எறியும். அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உறை போட்ட ஒயரில் ரெசிஸ்டரைக் கோர்த்து, ஒவ்வொரு கண்டன்சரையும் வடித்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட்டாள். ஃபியூஸைக் கழற்றினால், எந்த மகானோ அதன்மேல் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தான். அவனை வாய் நிறையத் திட்டிவிட்டு, பெட்டியின் முதுகில் எழுதியிருந்த அளவுக்குச் சரியான ஃபியூஸ் போட்டாள். எர்த் முனை உடைந்த பிளக்கை மாற்றினாள். தூசியைத் தூரிகையால் தட்டினாள். நடுவில் ஒரு சீரிஸ் பல்பைக் கோர்த்து, அது வழியாகக் கரண்டு கொடுத்துப் பார்த்தாள். பல்பு ஒருமுறை பிரகாசித்துவிட்டு மங்கியது. உள்ளே எங்கும் ஷார்ட் இல்லை.

பல்பை எடுத்துவிட்டு நேராகவே கரண்டு கொடுத்தாள். முன்பக்கம் இரண்டு சுவிட்சு. முதல் சுவிட்சைப் போட்டதும் குப்பிகளின் அடியில் செம்மஞ்சளாக ஒரு கனல் மெதுவாக எழுந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்தது, குப்பிகள் சூடேறிய பிறகு போடுகிற ஸ்டாண்ட்பை சுவிட்சு. அதையும் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. சட்டப்படி எல்லாம் சரி, வெறும் ஓட்டம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

அத்தோடு அணைத்திருக்கலாம். ஆனால் நாத்தனாரின் கிட்டார் உள்ளறையில் இருந்தது. கம்பியைத் தட்டினால் இந்தக் கனல் ஆடுமா? அதைப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. கிட்டாரைக் கொண்டுவந்து மாட்டி, குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி, இருப்பதிலேயே தடித்த கம்பியை நன்றாக இழுத்து விட்டாள். ஸ்பீக்கர் இல்லாததால் சத்தம் இல்லை. பெட்டிக்குள் நீல நிறத்தில் ஏதோ மின்னியது. இன்னொரு முறை இழுத்தாள், இன்னும் பலமாக. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கனல் அணைந்தது.

பிறகு வாடை வந்தது. வார்னிஷ் கருகிய வாடை. அந்த வாடைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அதை முகர்ந்தே எந்த மோட்டார், எத்தனை நாள் முன்பு எரிந்தது என்று சொல்லிவிடுவாள். இது இப்போதுதான் எரிந்தது, எரித்தது அவளேதான்.

பெட்டியோடு வந்த சீட்டில் ஸ்டுடியோக்காரரின் நம்பர் இருந்தது. உடனே கூப்பிட்டாள்.

"ஸ்பீக்கர் எது மாட்டினீங்க?" என்று கேட்டார் அவர்.

"எதுவும் மாட்டல. முதல்ல வெறுமனே ஓட்டித்தானே பாக்கணும்?"

"உங்களுக்கு என்ன தொழில்மா?"

"மோட்டார் வைண்டிங்."

"அதான்" என்றார்.

ஆனால் மனிதர் நல்லவர், கோபப்படவில்லை. "மோட்டாருக்குப் பாரம் இல்லைன்னா நிம்மதியா சுத்தும். இது அப்படி இல்லம்மா. வால்வு கொடுக்கிறதை உள்ள இருக்கிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஸ்பீக்கர்கிட்ட கொடுக்கணும். அந்தப் பக்கம் வாங்கிக்க ஆள் இல்லைன்னா, கொடுத்தவன் தலையிலேயே திரும்பி விழும். ஆயிரக்கணக்கான வோல்ட்டா விழும். சுருள் தாங்காது."

அந்தப் பயத்திலும் காயில்காரிக்குக் கண் விரிந்தது. பாரம் இருந்தால் பிழைக்கும், பாரம் இல்லாவிட்டால் சாகும் என்று ஒரு மெஷினா? கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அவரும் சளைக்காமல் சொன்னார். ஸ்பீக்கரில் எட்டு ஓம் என்று இருந்தால் பெட்டியின் முதுகில் உள்ள குமிழையும் எட்டில்தான் திருப்ப வேண்டும். கிட்டார் ஒயரை ஸ்பீக்கருக்குப் போடக் கூடாது, அதற்குத் தடித்த ஒயர் தனி. மேலே துணி போட்டு மூடக் கூடாது, பின்னால் காற்று போக இடம் விட வேண்டும். வாசித்து முடித்ததும் தூக்கக் கூடாது, சூட்டில் குப்பிக்குள் இருக்கும் ஊசிகள் அசைந்துவிடும், ஆறவிட்டுத்தான் தூக்க வேண்டும். வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சத்தை ஒரு ஒயர் திருப்பி உள்ளே கொண்டுவந்து, ஆம்ப்பை அடக்கிப் பிடிக்கும், குதிரைக்குக் கடிவாளம் மாதிரி. எல்லாவற்றையும் சுற்றுக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"சரியான ஃபியூஸ் போட்டீங்க பாருங்க, அதனால வால்வு பிழைச்சிருக்கும். ஆனா டிரான்ஸ்ஃபார்மர் புதுசா வரவழைக்க ஒரு மாசம் ஆகும்."

"நானே கட்டினா?"

"கட்டலாம். ஆனா ஒரே சுருளா இருக்காது. வால்வுப் பக்கம் ஒரு அடுக்கு, ஸ்பீக்கர் பக்கம் ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி வரும். ஒரு சுற்று தப்பினாலும் சத்தம் கோணலாயிடும்."

மதியம் சாப்பிட வந்த கணவன் மேசைமேல் கிடந்த இரும்புத் தகடுகளைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பஸ் கண்டக்டர். எந்தத் தகராறையும் அடுத்த நிறுத்தத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய தொழில் தர்மம்.

"சொல்லாத" என்றான். "பழைய சாமான், போட்டதும் தானா புகைஞ்சுது. முடிஞ்சுது. அவ என்ன கேக்கவா போறா? வாயே திறக்க மாட்டா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"ரெண்டு நாள் மறைச்சாப் போதும். சனிக்கிழமைக்குள்ள நீ கட்டி முடிச்சிட்டா அவளுக்குத் தெரியவே வேணாமே."

அன்று மாலை கோட்டான் வந்து, "பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டபோது, காயில்காரி பிரித்த சுருளின்மேல் துணியைப் போட்டு, "பாத்துட்டிருக்கேன்" என்றாள். பொய் இல்லை, உண்மையும் இல்லை. "குழுவுல கேட்டாங்க. எங்க அண்ணி பாக்குறாங்க, பயமே இல்லன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் கோட்டான். சற்று நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து டொக் டொக் என்று கேட்கத் தொடங்கியது. காயில்காரிக்கு வெட்கமாக இருந்தது. தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள், ஆனால் சறுக்கிய யானை வேறொருத்தியின் காலை அல்லவா மிதித்திருந்தது.

வெள்ளிக்கிழமை கோட்டானுக்கு விடுமுறை என்பதை அவள் மறந்தே போனாள். காலையில் கைராட்டினத்தில் புதுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி, கண் இமைத்தால் அறுந்துவிடும். முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று என்று வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மேசையில் கருகிய சுருள், குவியலாகப் பழைய செப்பு, மூடி திறந்த பெட்டி. மறைக்க நேரம் இல்லை. கையையும் எடுக்க முடியாது, எண்ணிக்கை விட்டுப்போகும்.

எண்ணும்போது பேசக் கூடாது என்பது கடையின் இன்னொரு சட்டம். வேறு யாராக இருந்தாலும் அது என்ன, இது ஏன் என்று கேட்டுக் கெடுத்திருப்பார்கள். கோட்டான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. எண்ணூற்று நாற்பது வரைக்கும் அப்படியே இருந்தாள். எண்ணூற்று நாற்பதில் அடுக்கு முடிந்தது. காயில்காரி நோட்டில் குறித்துக்கொண்டு, தாளைச் சுற்றி ஒட்டினாள். அதற்குமேல் தள்ளிப்போட ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

"நான்தான் எரிச்சேன்" என்றாள்.

கோட்டான் கருகிய சுருளைக் கையில் எடுத்தாள். "ஸ்பீக்கர் இல்லாம போட்டீங்களா?"

"ஆமா."

"வாசிச்சுமா பாத்தீங்க?"

"ஆமா. தடிக் கம்பி. ரெண்டு தடவை." காயில்காரி ராட்டினத்திலிருந்து கையை எடுத்தாள். "எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எனக்குத் தெரியல. நேத்து நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல."

கோட்டான் சுருளை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு டொக் டொக்கும் இல்லை. காயில்காரி அடுத்த அடுக்கைத் தொடங்கினாள், இருபதாவது சுற்றில் எண்ணிக்கை விட்டது. பிரித்தாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி விட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மூடிய கதவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கோட்டான் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "கோவமா வந்துச்சு. இன்னும் இருக்கு" என்றாள். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஸ்பீக்கர் இல்லாம போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் போய் நான் சொல்றதான்னு விட்டுட்டேன். நீங்க சுத்துங்க. நான் எண்ணுறேன்."

இருவருமாகச் சேர்ந்து வெளிச்சம் போவதற்குள் கடைசி அடுக்கை முடித்தார்கள். வால்வுப் பக்கம் ஒன்று, ஸ்பீக்கர் பக்கம் ஒன்று, நடுவில் தாள். லென்ஸ் தேய்க்கிறவளின் கண், அவள் எண்ணிக்கையில் ஒரு சுற்றுக்கூடத் தப்பவில்லை. சனிக்கிழமை காலை வார்னிஷ் ஊற்றி, சூட்டுப்பெட்டியில் உலர வைத்து, தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, முனைகளை ஒட்டிப் பெட்டிக்குள் உட்கார வைத்தபோது மணி இரண்டரை. ஸ்பீக்கர் கூடத்தில் இருக்கிறது. அங்கே போய்த்தான் போட்டுப் பார்க்க முடியும். வெறுமனே ஓட்டிப் பார்க்காமல் ஒரு சாமான் அவள் கடையைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

ஒத்திகைக் கூடம் ஒரு பழைய கிடங்கின் மாடி. சுவரெல்லாம் நுரைமெத்தை. குழுவின் தலைவர் டிரம்ஸ் வாசிக்கிறவர், மற்ற நாட்களில் பல் டாக்டர். ஆளுக்கு ஆள் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், கோட்டானிடம் மூன்று கேள்வி கேட்டு மூன்றுக்கும் தலையாட்டலே பதிலாக வந்ததும் விட்டுவிட்டார். காயில்காரி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்தாள். தடித்த ஒயரை ஸ்பீக்கரில் மாட்டினாள், முதுகில் எட்டு ஓம் என்று சரிபார்த்தாள், குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். கனல் எழுந்தது. ஒரு நிமிடம் விட்டு ஸ்டாண்ட்பையைப் போட்டாள்.

பெட்டி வீல் என்று அலறியது. குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போதே அலறியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். காயில்காரி பாய்ந்து அணைத்தாள்.

டாக்டர் மூலையில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். "நாலு ஆகப் போகுது. அதுல வாசிங்க, பரவாயில்லை. கேட்ட வரைக்கும் கேட்டுக்கிறோம்."

கேட்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து மணிக்காரர் வேறு சீக்கிரமே வந்து, தன் ஆம்ப்போடு கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கோட்டான் அண்ணியைப் பார்த்தாள்.

"ஏன் கத்துதுன்னு தெரியல" என்றாள் காயில்காரி. "பாக்கணும். அரை மணியாவது ஆகும். அதுல ஆகும்னும் என்னால சொல்ல முடியாது."

கோட்டான் டாக்டர் பக்கம் திரும்பினாள். "அவர் முதல்ல வாசிக்கட்டும். நான் அஞ்சு மணிக்கு வாசிக்கிறேன். இதுலதான் வாசிப்பேன்."

பெட்டியை இருவரும் தூக்கவில்லை, குப்பிகள் சூடாக இருந்தன. தள்ளுவண்டிப் பலகையில் மெதுவாக நகர்த்தித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, கண்டன்சரை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தாள் காயில்காரி. அவசரம் என்று அதை மட்டும் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர் வாசிக்கத் தொடங்கினார். நன்றாகத்தான் வாசித்தார். அதுதான் பயமாக இருந்தது. கோட்டான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

சுற்று தப்பவில்லை. முனை எதுவும் விடவில்லை. மீட்டர் எல்லாவற்றையும் சரி என்றது. பிறகு ஏன்? காயில்காரி குந்தி உட்கார்ந்து யோசித்தாள். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனாலும் தப்பாக ஓடுகிறது. இது எங்கேயோ பார்த்த விஷயம். பம்பு மோட்டார்! எல்லாம் சரியாக இருக்கும், சுற்றவும் சுற்றும், ஆனால் தண்ணீர் வராது. திசை மாறிச் சுற்றும். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

"கோட்டான், அந்தக் கடிவாளம்" என்றாள். "சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அடக்குற ஒயர். நான் கட்டுனதுல ரெண்டு முனையும் தலைகீழா போயிருக்கு. அடக்க வேண்டியது விரட்டிவிடுது. குதிரை கத்தாம என்ன பண்ணும்?"

வால்வுப் பக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்து, இடம் மாற்றி ஒட்டினாள். ஐந்து நிமிட வேலை. மற்றவர் வாசித்து முடித்து, டாக்டர் அவரோடு கை குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டி மறுபடி உள்ளே போனது.

இந்தமுறை ஸ்டாண்ட்பையைப் போட்டதும் அலறல் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து மூச்சு மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. கோட்டான் கிட்டாரை மாட்டி, கண்ணை மூடி, ஒரு கம்பியைத் தொட்டாள்.

சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. கால் வழியாகத்தான் வந்தது. தரை வழியாக ஏறி, நெஞ்சுக்கூட்டில் வந்து நின்று, அதற்கப்புறம்தான் காயில்காரிக்கு அது சத்தம் என்றே புரிந்தது. டாக்டர் தாளத்தைத் தொடங்கினார். கோட்டான் அதன் அடியில் போய் நின்றுகொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சிரித்தாள், கேலி செய்தாள், ஒரு இடத்தில் சண்டையே போட்டாள், எல்லாம் நான்கு கம்பியில். ஒன்பது வருடமாகக் கதவுக்குப் பின்னால் டொக் டொக் என்று கேட்டது இதுதானா? ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இத்தனை பேச்சையும் கேட்காமல் போனேனே என்று காயில்காரிக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அவள் மறைக்கவில்லை.

வாசித்து முடிந்ததும் கீபோர்டுக்காரரும் பாடகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகை" என்றார். "இந்தப் பெட்டியோட வந்துடுங்க."

கோட்டான் தலையாட்டினாள். பிறகு தலையாட்டினால் போதாது என்று அவளுக்கே தோன்றியது போலிருக்கிறது. "வரேன்" என்றாள்.

கண்டக்டர் ஆட்டோவோடு கீழே காத்திருந்தான். பெட்டியைத் தூக்கலாமா என்று டாக்டரே கை கொடுக்க வந்தார். "இப்பத் தூக்கக் கூடாது" என்று தடுத்தாள் காயில்காரி. "உள்ளே சூடா இருக்கு. ஆறணும். அரை மணி நேரம்."

அதனால் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். இரண்டாவதாக வாசித்த பாட்டின் நடுவில் ஏன் அப்படித் திடீரென்று நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். கோட்டான் பதில் சொன்னாள். ஒரு வார்த்தையோடு நிற்காமல், கிட்டாரை மடியில் வைத்து விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். பாடகி இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னாள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தனியாக வாசித்த வருடங்களைச் சொன்னாள், சுருள் எரிந்த கதையைச் சொன்னாள், எண்ணூற்று நாற்பது வரை வாயை மூடி உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். படியேறி வந்த கண்டக்டர், தன் தங்கைதானா பேசுவது என்று கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"ஆறிடுச்சா?" என்று மனைவியின் காதருகில் குனிந்து கேட்டான்.

காயில்காரி கையை நீட்டிப் பெட்டியின் மேல்தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது எப்போதோ ஜில்லென்று ஆகியிருந்தது.

"இன்னும் இல்ல. உக்காருங்க" என்றாள்.